வேண்டாத சிக்னல்

அத்தைக்கு முதுகெலும்பில் ஒரு கட்டை நொறுங்கியிருந்தது. இடுப்புக்குச் சற்று மேலே, முதல் லம்பார் எலும்பு. எக்ஸ்ரேயில் பார்த்தால் ஆப்பு மாதிரி முன்பக்கம் சப்பிப்போய்த் தெரிந்தது. வயது 68. குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவுதான். எலும்பு தேய்ந்துபோன வயதில் அது போதும். ஆனால் 9 வருடத்துக்கு முன் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அதனால் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கேள்வி எல்லோர் முகத்திலும் இருந்தது. எலும்பு தேய்ந்து நொறுங்கியதா, இல்லை, பழைய நோய் அங்கே போய் உட்கார்ந்து அரித்து நொறுக்கியதா?

நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். 11 வருடமாக இதே வேலை. அன்று மேசையில் படுத்திருந்தது அத்தை.

“ஐயா, நீதான எடுக்கப் போற? அப்ப எனக்கென்ன பயம்” என்றாள். பயம் முழுக்க எனக்குத்தான் இருந்தது.

வழக்கமான படங்களில் விடை கிடைக்கவில்லை. புதிதாக முறிந்த எலும்பில் நீர் கோத்துக்கொள்ளும். புற்று பரவிய எலும்பிலும் நீர்ச்சத்து கூடும். சாதாரணப் படத்தில் இரண்டுமே ஒரே மாதிரி கருத்துத்தான் தெரியும். ரேடியாலஜி டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “இன்-ஃபேஸ், அவுட்-ஆஃப்-ஃபேஸ் ரெண்டும் எடுத்துருங்க” என்றார்.

இரண்டே படங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே இருப்பது ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குச் சொச்சம். அந்தச் சொச்சத்துக்குள் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அத்தையின் படத்தில் என்ன தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்த வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், நான் நாள் முழுக்க எதை அழித்துக்கொண்டிருந்தேனோ அதையே அன்று தேட வேண்டியிருந்தது.

அழிப்பது என்றால் கொழுப்பை. எங்கள் தொழிலில் அதை ‘ஃபேட் சாட்’ என்போம். கன்சோலில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும், உடம்பிலிருந்து வரும் கொழுப்பின் சிக்னல் படத்தில் கருப்பாகிவிடும். மூட்டு வீக்கமோ நரம்பு அழற்சியோ சின்னக் கட்டியோ, நோய் பெரும்பாலும் நீராகத்தான் தன்னைக் காட்டும். கொழுப்பு பளீரென்று வெள்ளையாய் நின்று அதை மறைக்கும். அதனால் கொழுப்பு எங்களுக்கு இடைஞ்சல். ஒருநாளைக்கு இருபது பேருக்காவது அதை அணைத்திருப்பேன்.

*

எம்.ஆர்.ஐ. இயந்திரம் உடம்பில் பார்ப்பது ஹைட்ரஜனை. இன்னும் சரியாகச் சொன்னால், ஹைட்ரஜன் அணுவின் கருவில் இருக்கும் புரோட்டானை. காந்தப்புலத்தில் வைத்தால் அது பம்பரம் தலையாட்டுவதுபோல் சுற்றும். காந்தம் எவ்வளவு வலுவோ அவ்வளவு வேகம். எங்கள் மையத்தில் இருப்பது 1.5 டெஸ்லா காந்தம். அதில் ஒரு புரோட்டான் வினாடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 38 லட்சம் முறை சுற்றும்.

இந்தச் சுற்றலைத் திடப்பொருளிலும் திரவத்திலும் முதன்முதலில் பிடித்தவர்கள் இரண்டு குழுவினர். ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல், ஹென்றி டோரி, ராபர்ட் பவுண்ட். ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் ப்ளோக், வில்லியம் ஹான்சன், மார்ட்டின் பேக்கார்ட். இரண்டாம் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. போர்க்காலத்து ரேடார் வேலையில் கற்ற மின்னணு நுணுக்கங்கள் கையில் இருந்தன. 1945 டிசம்பரில் ஹார்வர்டிலும், அடுத்த சில வாரங்களில் ஸ்டான்ஃபோர்டிலும் சிக்னல் கிடைத்தது. ஒரு குழு செய்வது மற்றதற்குத் தெரியாது. 1952-ல் பர்செலுக்கும் ப்ளோக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்து தரப்பட்டது.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கும். என்னை நிறுத்தியது வேறொரு விவரம். அவர்கள் காந்தத்துக்குள் எதை வைத்தார்கள் என்பது. ஹார்வர்டில் வைத்தது பாரஃபின் மெழுகு, 850 கன சென்டிமீட்டர். ஸ்டான்ஃபோர்டில் வைத்தது தண்ணீர்.

மெழுகும் கொழுப்பும் ஒன்றல்ல. ஆனால் ஹைட்ரஜனின் கண்ணில் இரண்டும் நெருங்கிய உறவு: நீளமான கார்பன் சங்கிலி, ஒவ்வொரு கார்பனிலும் இரண்டு ஹைட்ரஜன். நம் உடம்புக் கொழுப்பின் சிக்னலில் பெரும்பகுதி இந்தச் சங்கிலியிலிருந்துதான் வருகிறது. ஆக, இந்தத் துறை பிறந்தபோதே ஒரு தொட்டிலில் எண்ணெய்ப்பசை, இன்னொரு தொட்டிலில் தண்ணீர். ப்ளோக் தன் விரலையே கருவிக்குள் நுழைத்து சிக்னல் வருகிறதா என்று பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். விரலில் தண்ணீரும் உண்டு, கொழுப்பும் உண்டு. இரண்டும் கலந்துதான் அந்த சிக்னல் வந்திருக்கும். பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது. அன்றைய காந்தங்களின் சீர்மைக்கு அது பிடிபட்டிருக்கவும் செய்யாது. ஹைட்ரஜன் என்றால் ஹைட்ரஜன்தான். அது தண்ணீரில் இருந்தால் என்ன, மெழுகில் இருந்தால் என்ன?

*

அந்த ‘என்ன’வுக்கு விடை 1950-ல் ஒரு தொந்தரவாக வந்தது.

ப்ளோக்கின் ஆய்வகத்தில் வாரன் ப்ராக்டரும் ஃபூ சுன் யூவும் நைட்ரஜன் அணுக்கருவின் காந்தத் திறனை அளந்துகொண்டிருந்தார்கள். இயற்பியலாளருக்கு அது ஒரு அடிப்படை எண். எங்கே அளந்தாலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்டது அம்மோனியம் நைட்ரேட் கரைசல். நம்மூரில் வெடிமருந்தாகவும் உரமாகவும் தெரிந்த அதே உப்பு. ஒரே ஒரு சிக்னல் வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தது. அம்மோனியத்தில் இருக்கும் நைட்ரஜன் ஒரு அதிர்வெண், நைட்ரேட்டில் இருக்கும் நைட்ரஜன் வேறொரு அதிர்வெண். அதே ஆண்டு எம்.ஐ.டி.யில் வில்லியம் டிக்கின்சன் ஃபுளோரினிலும் இதையே கண்டார்.

அணுக்கருவின் எண்ணைத் துல்லியமாக அளக்க நினைத்தவருக்கு இது எரிச்சலூட்டும் செய்தி. எந்த பாட்டிலிலிருந்து எடுத்தோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது என்றால் அளந்ததற்கு என்ன மதிப்பு? ஆனால் வேதியியலாளருக்கு இது புதையல். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அணுக்கருவே சொல்கிறது!

காரணம் எலெக்ட்ரான்கள். அணுக்கருவைச் சுற்றியிருக்கும் எலெக்ட்ரான்கள் வெளிக்காந்தத்துக்கு எதிராக ஒரு குடை பிடிக்கின்றன. தண்ணீரில் ஆக்சிஜன் பேராசைக்காரன். ஹைட்ரஜனின் எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். அதனால் தண்ணீரின் ஹைட்ரஜனுக்குக் குடை சிறியது. கொழுப்பில் கார்பன் அவ்வளவு இழுப்பதில்லை, குடை கொஞ்சம் பெரியது. பெரிய குடைக்குள் காந்தம் சற்றுக் குறைவாக எட்டும், சுழற்சி சற்று மெதுவாகும்.

1951-ல் இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார்கள். ஜேம்ஸ் அர்னால்டு, எஸ். எஸ். தர்மாட்டி, பேக்கார்ட் மூவரும் எத்தில் ஆல்கஹாலைக் காந்தத்துக்குள் வைத்தார்கள். மூன்று முகடுகள் வந்தன, ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில். சாராயத்தின் ஒரு மூலக்கூறில் மூன்றுவிதமான ஹைட்ரஜன்கள் அதே விகிதத்தில்தான் இருக்கின்றன. இந்த பேக்கார்ட், 1946-ல் ப்ளோக்குடன் சேர்ந்து தண்ணீரைப் பார்த்த அதே பேக்கார்ட். தர்மாட்டி பிறகு இந்தியா திரும்பி, பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இந்தத் துறைக்கான ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். உலகம் முழுக்க வேதியியல் மாணவர்கள் பார்க்கும் அந்த ஆல்கஹால் முகடுகளின் பின்னால் ஓர் இந்தியப் பெயர் இருப்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

இயற்பியலின் குப்பை வேதியியலின் கருவியானது. இந்த வரலாற்றில் இது முதல் தடவை. இன்னும் மூன்று தடவை நடக்கப்போகிறது.

*

1973-ல் பால் லாட்டர்பர் இரண்டு மெல்லிய தண்ணீர்க் குழாய்களைப் படமெடுத்தார். அவருடைய யோசனையின் சாரம் ஒரே வரிதான்: காந்தத்தை வேண்டுமென்றே ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் வலு குறைவாகவும் ஆக்கினால், வேகமாகச் சுற்றும் புரோட்டான் அந்தப் பக்கம் இருக்கிறது, மெதுவாகச் சுற்றுவது இந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அதிர்வெண்தான் முகவரி.

இந்த முகவரி முறையில் கொழுப்பு பொய் சொல்லும். அது சுபாவத்திலேயே மெதுவானது. பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3.5 பங்கு மெதுவு. 1.5 டெஸ்லாவில் இது வினாடிக்கு சுமார் 220 சுற்று. இயந்திரத்துக்கு அது கொழுப்பு என்று தெரியாது; மெதுவாகச் சுற்றுவதால் இடம் தள்ளியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். படத்தில் கொழுப்பு மட்டும் சில புள்ளிகள் நகர்ந்து உட்காரும். சிறுநீரகத்தைச் சுற்றி ஒரு பக்கம் கருப்புக் கோடு, எதிர்ப்பக்கம் வெள்ளைக் கோடு. வேதியியலாளரின் புதையல், படமெடுப்பவருக்கு மறுபடியும் தொந்தரவு.

1980-களின் நடுவில் இதற்கு அடுத்தடுத்து மூன்று தீர்வுகள் வந்தன.

ஒன்று, கோட்டிங்கனில் ஆக்செல் ஹாசே, யென்ஸ் ஃப்ராம் குழு 1985-ல் சொன்னது. கொழுப்பின் அதிர்வெண்ணில் மட்டும் ஒரு ரேடியோ துடிப்பைக் கொடுத்து அதன் சிக்னலை முதலிலேயே தீர்த்துவிடு, பிறகு படமெடு. நான் தினமும் கிளிக் செய்யும் ஃபேட் சாட் இதன் வாரிசு. இரண்டாவது, அதே ஆண்டு லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கிரேம் பைடரும் இயன் யங்கும் வெளியிட்டது. எல்லாப் புரோட்டான்களையும் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு காத்திரு. கொழுப்பு வேகமாக நிமிரும். அது நிமிரும் வழியில் பூஜ்ஜியத்தைக் கடக்கும் அந்தக் கணத்தில் படமெடு. எங்கள் ஊர்களில் ‘ஸ்டிர்’ என்று இன்றும் எடுப்பது இதைத்தான். இந்த இரண்டின் நோக்கமும் ஒன்றே: கொழுப்பை ஒழி.

மூன்றாவது தீர்வு காலத்தால் இவற்றுக்கு முந்தியது. 1984-ல் ‘ரேடியாலஜி’ இதழில் தாமஸ் டிக்சன் எழுதிய கட்டுரை. அவர் ஒழிக்கச் சொல்லவில்லை. இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

கோயில் பிரகாரத்தை இரண்டு பேர் சேர்ந்து சுற்றத் தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் நடை சற்று வேகம், மற்றவர் சற்று மெதுவு. சிறிது நேரத்தில் இருவரும் பிரகாரத்தின் எதிரெதிர் பக்கங்களில் இருப்பார்கள். இன்னும் அதே அளவு நேரம் போனால் வேகமானவர் ஒரு முழுச் சுற்று முந்தி, இருவரும் மறுபடி தோளோடு தோள். தண்ணீரும் கொழுப்பும் இப்படித்தான். 1.5 டெஸ்லாவில் 2.3 மில்லிசெகண்டில் எதிரெதிர், 4.6-ல் மறுபடி ஒன்றாக. ஒன்றாக இருக்கும்போது எடுத்த படத்தில் இரண்டின் சிக்னலும் கூடும். எதிரெதிரே இருக்கும்போது எடுத்தால் ஒன்றை ஒன்று கழிக்கும்.

ஒரு புள்ளியில் தண்ணீர் 70, கொழுப்பு 30 என்றால் முதல் படத்தில் 100, இரண்டாவதில் 40. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 70. கழித்துப் பாதியாக்கினால் 30. முடிந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு. அன்னப்பறவைகூடத் தேவையில்லை.

டிக்சன் தன் கட்டுரைத் தலைப்பிலேயே ‘எளிய’ என்ற சொல்லை வைத்திருந்தார். அதே இதழில் அடுத்த கட்டுரையாக, இந்த முறையைக் கல்லீரல் கொழுப்பில் பயன்படுத்திப் பார்த்ததும் வந்தது. அந்த ‘எளிய’ வேலை நம்பகமாக நடக்க அடுத்து இருபது வருடங்கள் ஆயின.

*

சிக்கல் எங்கே என்று பார்க்க, மேலே சொன்ன கணக்கைத் தலைகீழாக்குங்கள். தண்ணீர் 30, கொழுப்பு 70. முதல் படத்தில் 100. இரண்டாவதில் மைனஸ் 40. ஆனால் படத்துக்கு மைனஸ் தெரியாது, வெளிச்சத்தின் அளவுதான் தெரியும். 40 என்றே காட்டும். அதாவது தண்ணீர் மிகுந்த புள்ளியும் கொழுப்பு மிகுந்த புள்ளியும் ஒரே விடையைத் தருகின்றன.

மைனஸா ப்ளஸ்ஸா என்பது சிக்னலின் திசையில் இருக்கிறது. இயந்திரம் அந்தத் திசையையும் பதிவு செய்கிறதுதான். ஆனால் அந்தத் திசையை இன்னொன்றும் திருப்பிவிடுகிறது: காந்தத்தின் பிழை.

எந்தக் காந்தமும் முழுக்கச் சீரானதில்லை. அதைவிட முக்கியம், நம் உடம்பே அதைக் கெடுக்கிறது. காற்றும் தசையும் காந்தத்துக்கு வேறுவேறு விதமாக எதிர்வினை செய்பவை. அந்த வேறுபாடு பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு. நாம் பிரிக்க நினைக்கும் தண்ணீர்–கொழுப்பு வேறுபாடோ வெறும் 3.5. நுரையீரல் கல்லீரலைத் தொடும் இடம், கழுத்து, முகத்தின் காற்றறைகள், எல்லா இடத்திலும் காந்தப்புலம் நெளிந்து கிடக்கும். பிரகாரத்தின் தரையே சில இடங்களில் சரிவாக இருப்பதுபோல. சரிவில் இருவருமே வேகம் கூடி நடப்பார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, நடப்பவர் வேகமானவரா, தரை சரிவா என்று தெரியாது.

இந்தப் பிழையைத் திருத்த 1986-லேயே முயற்சி தொடங்கிவிட்டது. ஆனால் எனக்குப் பிடித்தது 1991-ல் கேரி க்ளோவரும் ஷ்னைடரும் செய்தது. அவர்கள் மூன்றாவதாக ஒரு படத்தை எடுத்தார்கள். இருவரும் ஒன்றாக இருக்கும்போது ஒன்று, எதிரெதிரே ஒன்று, மறுபடி ஒன்றாக வரும்போது இன்னொன்று. முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுபோலத்தான் இருக்க வேண்டும். இரண்டிலும் அவர்கள் தோளோடு தோள்தானே? அப்படியும் திசையில் வேறுபாடு தெரிந்தால் அது தண்ணீரின் குற்றமுமில்லை, கொழுப்பின் குற்றமுமில்லை. தரையின் சரிவு. அதை அளந்து, நடுப்படத்திலிருந்து கழித்துவிடலாம்.

இதில் நான் பார்ப்பது ஒரு மனப்போக்கு மாற்றம். அதுவரை காந்தத்தின் பிழை, பொறியாளர் வந்து சரிசெய்ய வேண்டிய விஷயமாக இருந்தது. க்ளோவர் அதைத் தெரியாத மூன்றாவது எண்ணாக சமன்பாட்டுக்குள் உட்காரவைத்தார். தண்ணீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, என் காந்தம் எவ்வளவு தவறு? மூன்று கேள்வி, மூன்று படம். தன் தவறையும் சேர்த்து அளந்தால்தான் மற்ற இரண்டும் கிடைக்கின்றன. இது இரண்டாவது தடவை.

ஆனாலும் ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரத்தில் மணி தெரியாதல்லவா? அதுபோல, திசை ஒரு முழுச் சுற்று திரும்பியதா, திரும்பவே இல்லையா என்று சொல்ல முடியாது. வெறும் தண்ணீர் மட்டும் உள்ள ஒரு புள்ளியில் காந்தம் சரியாக 3.5 பங்கு தவறியிருந்தால், அது வெறும் கொழுப்பைப் போலவே இருக்கும். தனியாக ஒரு புள்ளியை நிறுத்தி ‘நீ தண்ணீரா, கொழுப்பா’ என்று கேட்டால், எந்தக் கணக்காலும் பதில் வாங்க முடியாத நிலை. பக்கத்துப் புள்ளியிடம் விசாரிக்க வேண்டும். காந்தத்தின் பிழை திடீரென்று தாவாது, மெல்லத்தான் மாறும் என்ற நம்பிக்கையில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று போக வேண்டும்.

இந்த விசாரணை வழியில் எங்காவது ஒரு சாட்சி தவறினால் அதற்கப்புறம் எல்லாமே தவறு. இரண்டு தொடைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது, அங்கே கேட்க ஆள் இல்லை. ஒருமுறை, தண்ணீர்ப் படத்தில் ஒரு காலின் தோலடிக் கொழுப்பு கருப்பாகவும் மறுகாலின் தோலடிக் கொழுப்பு வெள்ளையாகவும் வந்தது. முழுக் காலும் இடம் மாறிப்போயிருந்தது. தொழிலில் இதை ‘ஸ்வாப்’ என்பார்கள். காலில் வந்தால் சிரித்துக்கொண்டே மறுபடி எடுத்துவிடலாம், பார்த்தாலே தெரியும். கல்லீரலின் ஒரு மூலையில் மட்டும் வந்தால் அது கட்டியைப் போலத் தோன்றும்.

*

2004, 2005-ல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்காட் ரீடரும் உடன் பணியாற்றியவர்களும் வேறொரு கேள்வி கேட்டார்கள். மூன்று படங்களை இந்த நேரங்களில்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒன்றாக, எதிரெதிர், ஒன்றாக என்பது நம் மனசுக்கு வசதி. கணக்குக்கு அது வசதியா? எந்த நேரத்தில் எடுத்தாலும் தண்ணீர், கொழுப்பு, பிழை மூன்றையும் திரும்பத் திரும்ப ஊகித்துத் திருத்திக்கொண்டே வரும் ஒரு வழியை அவர்கள் கட்டினார்கள். அதற்கு ‘ஐடியல்’ என்று பெயர்.

சரி, எந்த நேரம் நல்ல நேரம்? இதற்கு விடை சொன்னவர் ஏஞ்சல் பினேடா, ரீடர் முதலியோருடன் சேர்ந்து 2005-ல். அவர் கையில் எடுத்த கருவியின் பெயர் க்ராமர்–ராவ் வரம்பு. அந்த ராவ், சி. ராதாகிருஷ்ண ராவ். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த ஹடகலியில் பிறந்தவர். கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் அந்தக் கட்டுரை வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. அது சொல்வது சுருக்கமாக இதுதான்: கையில் இருக்கும் தரவிலிருந்து ஓர் எண்ணை ஊகிக்கிறீர்களா? நீங்கள் எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்தாலும் இந்த அளவுக்குக் கீழே உங்கள் பிழை இறங்காது.

கட்டுரை வெளிவந்த ஆண்டு 1945. அதே ஆண்டு டிசம்பரில்தான் ஹார்வர்டில் மெழுகைக் காந்தத்துக்குள் வைத்தார்கள். கல்கத்தாவுக்கு ஹார்வர்ட் தெரியாது, ஹார்வர்டுக்குக் கல்கத்தா தெரியாது. இரண்டும் சந்திக்க அறுபது வருடம் ஆயிற்று.

பினேடாவின் கணக்கில் வந்த விடை நம் உள்ளுணர்வுக்கு எதிரானது. தண்ணீரும் கொழுப்பும் சரிபாதியாக இருக்கும் புள்ளியை நினையுங்கள். எதிரெதிரே வரும்போது ஒன்றை ஒன்று அழித்து சிக்னலே இருக்காது. திசை என்று ஒன்று இருந்தால்தானே அளப்பதற்கு? அழகாகத் தோன்றிய அந்த நேரங்கள், கலவை சரிபாதியாகும்போது கைவிட்டுவிடும். நடுப்படத்தை ஒன்றாகவும் இல்லாமல் எதிரெதிராகவும் இல்லாமல் கால் சுற்று விலகி நிற்கும்போது எடுத்து, மற்ற இரண்டையும் அதற்கு முன்னும் பின்னும் மூன்றில் ஒரு சுற்று தள்ளி எடுத்தால், எந்தக் கலவைக்கும் ஒரே தரம் கிடைக்கும்.

*

இதற்குள் கேள்வியே மாறிவிட்டிருந்தது. கொழுப்பை நீக்கிவிட்டுத் தண்ணீரைப் பார்ப்பது என்பது போய், கொழுப்பு எவ்வளவு என்பதே கேள்வியானது. காரணம் கல்லீரல். கல்லீரலில் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பார்கள். அதை அறிய வழக்கமான வழி, ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பது. அந்தத் துணுக்கு மொத்தக் கல்லீரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. மூச்சைப் பிடித்திருக்கும் நேரத்தில் முழுக் கல்லீரலையும் வலியில்லாமல் அளக்க முடிந்தால்?

படம் பார்ப்பது வேறு, அளப்பது வேறு. அளக்கப் போனதும் அதுவரை கண்டுகொள்ளாத பிழைகள் வரிசையில் வந்து நின்றன. கொழுப்புக்கு ஒரே அதிர்வெண் என்று எல்லோரும் வைத்துக்கொண்டிருந்தது தவறு. அதற்குப் பல முகடுகள் உண்டு. அதில் ஒன்று, இரட்டைப் பிணைப்பை ஒட்டிய ஹைட்ரஜன், தண்ணீருக்குப் பக்கத்திலேயே அமர்ந்து தண்ணீர் வேஷம் போடும். 2008 வாக்கில் இதைக் கணக்கில் சேர்த்தார்கள். அடுத்தது இரும்பு. கல்லீரலில் இரும்பு சேர்ந்திருந்தால் சிக்னல் வேகமாக மங்கும். மங்குவதைக் கொழுப்பு என்று தவறாக எண்ணிவிடலாம். அதனால் மங்கும் வேகத்தையும் தெரியாத எண்ணாகச் சேர்த்து, மூன்று படத்துக்குப் பதில் ஆறு எடுத்தார்கள். அப்படித் திருத்தத்துக்காகச் சேர்த்த எண்ணே இன்று தனியாகப் பயன்படுகிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றப்படும் தலசீமியா குழந்தைகளின் கல்லீரலில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது அதைக் கொண்டுதான். இது மூன்றாவது.

இந்த அளவீடு நமக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கட்டுரை உண்டு. 2004-ல் ‘லான்செட்’ இதழில் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் தங்கள் இருவரின் புகைப்படத்தையே போட்டு எழுதியது. இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3. உடம்பில் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அவர்கள் அளந்தது எக்ஸ்ரே முறையில். ஆனால் அது கேட்ட கேள்வி எம்.ஆர்.ஐ.க்கும் பொருந்தும்: ஒல்லியாகத் தெரிகிற இந்தியனுக்குள் கொழுப்பு எங்கே ஒளிந்திருக்கிறது? வயிற்றுக்குள்ளா, கல்லீரலிலா? தராசு அதைச் சொல்லாது. பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் 2014-ல் தொடங்கி ஒரு லட்சம் பேரை இலக்காக வைத்து எடுத்த படங்களில், கழுத்திலிருந்து முழங்கால் வரை எடுத்தது டிக்சன் முறையில்தான்.

*

அத்தையிடம் வருகிறேன். வயதானவர்களின் முதுகெலும்பு மஜ்ஜையில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு. எலும்பு தேய்ந்து நொறுங்கியிருந்தால், நீர் கோத்தாலும் அந்தக் கொழுப்பு ஓரளவு உள்ளேயே இருக்கும். புற்று வந்திருந்தால் அது முதலில் செய்வது, கொழுப்பை வெளியே தள்ளிவிட்டுத் தான் உட்காருவது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அங்கே கொழுப்பு மிச்சம் இருக்கிறதா? இருந்தால், எதிரெதிரே வரும் கணத்தில் எடுத்த படத்தில் அது தண்ணீரோடு சண்டைபோட்டு அந்த எலும்பைக் கருப்பாக்கும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிக்னல் குறைந்தால் தேய்மானத்தின் பக்கம் சாயலாம் என்பது பொதுவான அளவு. நூறு சதவீத உறுதி கிடையாது. ஆனால் நல்ல சாட்சி.

இன்-ஃபேஸ் படம் முதலில் வந்தது. நொறுங்கிய எலும்பு சாம்பல் நிறத்தில். அடுத்த படம் திரையில் ஏறியது. டாக்டர் அந்த எலும்பில் ஒரு சின்ன வட்டம் போட்டார், இரண்டு படத்திலும் ஒரே இடத்தில். இரண்டு எண்களையும் நான் பார்த்தேன். இரண்டாவது எண், முதலாவதில் பாதிக்குச் சற்று மேல். நொறுங்கிய எலும்பு, மேலும் கீழும் இருந்த நல்ல எலும்புகளைப்போலவே இருட்டியிருந்தது.

டாக்டர் எதுவும் சொல்லவில்லை. என் தோளை ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த கேஸுக்குப் போனார்.

மேசையை வெளியே இழுத்ததும் அத்தை கேட்டாள், “என்னய்யா தெரியுது?” ரிப்போர்ட் வரும்வரை எதையும் சொல்லக்கூடாது என்பது விதி. 11 வருடத்தில் அந்த விதியை நான் மீறியதில்லை. “டாக்டர் சொல்லுவாங்க அத்தை” என்றேன். என் குரலிலேயே கண்டுபிடித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. எலும்புத் தேய்மான முறிவுக்குரிய தோற்றம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவும். துணுக்கு எடுக்க வேண்டியதில்லை. நேரில் போய்ச் சொன்னேன். பெல்ட் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்று கேட்டாள். பிரகாரம், இரண்டு பேர், வேகம் என்றெல்லாம் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னேன்: “எலும்புக்குள்ள கொழுப்பு அப்படியே இருக்கு அத்தை. அதான் நல்லது.”

அத்தை கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு உங்க மாமா உசுரோட இருக்கும்போதே சொல்லிட்டுதான இருந்தாக.”